குலுக்கி விடுகிற மருந்து

எனக்குப் பொறாமை உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வயிறு எரியாத மனுஷர் எந்த ஊரில் இருக்கிறார்கள்? மற்றவர்கள் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை, முகத்திலேயே தெரிந்துவிடும். என் கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவள் கெட்டவளா என்றால் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவளாகவும் இருந்துகொண்டு, எல்லாம் அவளுக்கே கிடைத்துக்கொண்டும் இருந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

எண்பதுகளின் பிற்பாதி அது. ராஜபாளையத்தில் மாமனார் கட்டிய வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். நான் மூத்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவள் மம்சாபுரத்துக்காரி. வந்த வருஷமே உண்டானாள். அதுவும் சுகப்பிரசவம், அதுவும் ஆண்பிள்ளை. என் மாமியார் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம்புட்டு ராசிக்காரி பாத்தீகளா, வந்த கையோட பேரனைக் குடுத்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ராசியில்லாதவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பானேன்? நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேனே.

எனக்கென்று பெருமையாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என் கண். நான் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேஜை. அதன் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். நூல் அறுந்த இடம், முடிச்சு, எண்ணெய்ப் புள்ளி எதுவாக இருந்தாலும் பார்த்த உடனே நிறுத்த வேண்டும். புண்ணுக்குக் கட்டுகிற துணி, ஒரு புள்ளி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டோடு திருப்பிவிடுவார்கள். நான் பேசிக்கொண்டே பார்ப்பேன், சண்டை போட்டுக்கொண்டே பார்ப்பேன், ஒன்று தப்பாது. மற்றப் பெண்கள் எல்லாம் நின்றுகொண்டு மடிக்க, எனக்கு மட்டும் நாற்காலியும் தலைக்கு மேல் ஃபேனும். "அவ கண்ணு கண்ணு இல்லட்டி, கழுகு" என்று சூப்பர்வைசரம்மா சொல்வார்கள். வீட்டில் ராசி அவளுக்கு என்றால், கம்பெனியில் மேஜை எனக்கு. அதை வைத்துக்கொண்டு நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்தது. எங்கள் வீட்டில் முதலில் அவளுக்குத்தான். இரண்டு கண்ணும் சிவந்து, காலையில் பீளை ஒட்டி இமை பிரியாமல் கிடந்தாள். கைக்குழந்தைக்காரி ஆயிற்றே, கொழுந்தன் பதறிக்கொண்டு ஓடி மெடிக்கலில் ஒரு பாட்டில் வாங்கி வந்தான். டாக்டரும் கிடையாது, சீட்டும் கிடையாது. "கண்ணு செவந்துருக்குண்ணே" என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வெள்ளை மருந்து. குலுக்கினால் பால் மாதிரி கலங்கும், பிறகுதான் விட வேண்டும். விட்டாள், மறுநாளே சிவப்பு வாங்கியது. அவ்வளவுதான், அந்தப் பாட்டிலுக்கு எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கும் போனது, எதிர் வீட்டுக்கும் போய்த் திரும்பி வந்தது. எங்கள் தெருவே அப்படித்தான். ஒருத்தருக்குக் கேட்ட மருந்து எல்லாருக்கும் கேட்கும் என்று அடித்துச் சொல்வார்கள். யாருக்குக் கண் சிவந்தாலும், "அந்தக் குலுக்குத மருந்தக் குடுங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

எனக்கு அப்போது ஒன்றும் வரவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு ஆடி பிறந்ததும் காய்ச்சல் கண்டது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் காய்ச்சல் அடித்தால் உதட்டோரம் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கட்டும். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்பார்கள், சூடு என்பார்கள், மஞ்சளைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். இந்தத் தடவையும் கட்டியது. அது ஆறும் முன்னே வலது கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தல். தண்ணீர் கொட்டியது. வெளிச்சத்தைப் பார்த்தால் ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. பீளை இல்லை. இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இதையெல்லாம் இப்போது அடுக்கிச் சொல்கிறேன், அன்றைக்கு யாருக்குத் தெரியும்? கண் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

"மருந்தெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் மாமியார். "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டாத் தன்னால கேக்கும். வீட்டுலயே பிள்ளைக்காரி இருக்கா, வெளிய போய்க் கேக்கணுமா?"

வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பாலாடையில் பீய்ச்சிக் கொடுங்கள், நானே விட்டுக்கொள்கிறேன் என்றேன். நேராக விட்டால்தான் சூடு இருக்கும் என்று அதற்கும் மறுத்துவிட்டார். கடைசியில் தரையில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். அவள் மண்டி போட்டுக் குனிந்தாள். ஒரு கையில் பிள்ளை வேறு. "அக்கா, செத்த நேரம் கண்ணத் தொறந்து வச்சிருங்க" என்றாள். பாவம், அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். வெதுவெதுப்பாக விழுந்தது. அவள் பிள்ளை குடித்தது போக மிச்சம் என் கண்ணுக்கு. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அடுத்த வீட்டுக்காரி வாசலுக்குப் போனதும் யாரிடமோ மெதுவாகச் சொன்னாள்: "பச்சப்பிள்ளைக்காரியப் பாத்துப் பாத்துப் பொகைஞ்ச கண்ணுல்லா, அதான் அந்தக் கண்ணுலயே வந்து நிக்கி."

என் கண்தான் சிவந்திருந்தது, காது நன்றாகத்தான் இருந்தது. பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு எழுந்தேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரி ஒரு மாதம் எங்கள் வாசல் பக்கம் தலை வைக்கவில்லை.

பாலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பாட்டில் இறங்கியது. குலுக்கி விட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், மறுநாள் சிவப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. உறுத்தலும் குறைந்தது. "பாத்தியா, நான் சொன்னம்லா" என்றான் கொழுந்தன், மருந்தை அவனே கண்டுபிடித்தது போல. நானும் வேலைக்குப் போனேன். வலது கண்ணில் மட்டும் லேசாகப் புகை மூட்டமாக இருந்தது. காய்ச்சல் அசதி என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு சொட்டுச் சேர்த்து விட்டேன். பாட்டில் தீர்ந்ததும் அதே மருந்தில் வேறு பாட்டில் வாங்கச் சொன்னேன். கம்பெனியில் ஒரு நாள் நான் பார்த்து அனுப்பிய துணியில் எண்ணெய்ப் புள்ளி இருந்தது என்று சூப்பர்வைசரம்மா என்னிடம் கொண்டு வந்து காட்டினார்கள். நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். அவர்கள் விரலை வைத்துக் காட்டிய பிறகும் எனக்கு அது தெரியவில்லை.

அதற்குள் ஆடிப்பூரம் வந்தது. தேர் பார்க்கப் பிறந்த வீட்டுக்குப் போனேன். தேரடியில் உச்சி வெயிலில் நின்றேன். வடம் பிடிக்கிற கூட்டம், புழுதி, வெயில். தேர் நகர்ந்து வந்தபோது எனக்குத் தேர் தெரியவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், வெள்ளையாக ஏதோ அசைகிறது. அவ்வளவுதான். அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சிடுமூஞ்சி. பெஞ்சில் எனக்கு முன்னால் கூமாப்பட்டிக்காரர் ஒருவர், கதிரடிக்கையில் கண்ணில் நெல் தெறித்துவிட்டது என்று வந்திருந்தார், அவர் வாங்கிய திட்டு வெளியே வரை கேட்டது. என் முறை வந்தது. கண்ணில் மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தை அடித்து, வெகு நேரம் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"உதட்டுல இந்தப் புண்ணு?"

"காய்ச்சலோட எப்பவும் வரும் டாக்டர்."

"அதைத் தொட்டுட்டுக் கண்ணைத் தொட்டீங்களா?"

"யாரு கண்டா? அரிச்சா கசக்கத்தான செய்வோம்."

"வெயில்ல அலைஞ்சீங்களா? தூக்கம் ஒழுங்கா இருக்கா? மனசுல ஏதும் பாரம் இருக்கா?"

கடைசிக் கேள்விக்கு நான் தம்பியைப் பார்த்தேன், அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"கண்ணுக்கு என்ன போட்டீங்க?"

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் அதை மேஜையில் டக்கென்று வைத்த வேகத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு கொடுத்தா இதை?"

வீட்டில் இருந்தது என்றேன். என் ஓரகத்திக்கு வாங்கியது, அவளுக்கு ஒரே நாளில் கேட்டது என்றேன். அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் வட்டம் போட்டு, அதற்குள் கிளை விட்ட மரக்கொப்பு மாதிரி கோடு இழுத்தார். உங்கள் கருவிழியில் புண் இப்படிப் படர்ந்திருக்கிறது என்றார்.

"இது மெட்ராஸ் ஐ இல்லம்மா. இது வேற வைரஸ். அநேகம் பேருக்குச் சின்ன வயசுலயே உடம்புக்குள்ள வந்து நரம்புல படுத்துக்கும். காய்ச்சல், வெயில், தூக்கம் கெடுறது, கவலை, இப்படி ஏதாவது சாக்குக் கிடைச்சா எந்திரிச்சு வரும். உங்களுக்கு உதட்டுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு, இந்தத் தடவை கண்ணுக்கும் வந்திருக்கு. அதோட நின்னிருந்தா நான் சரி பண்ணியிருப்பேன். இந்த மருந்து சிவப்பை அமுக்கும். கூடவே கிருமிய எதுக்குற சக்தியையும் அமுக்கிரும். நீங்க சிவப்பு போயிருச்சுன்னு சந்தோஷப்பட்டீங்க. அது உள்ள நிம்மதியா மேஞ்சுக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப அவளுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"அவங்களுக்கு வந்தது மெட்ராஸ் ஐ. அது மருந்தே விடாட்டியும் தானாப் போயிருக்கும்."

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கண்ணுக்காகவா, அவள் தப்பித்ததற்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவளுக்கும் பொருந்துமே! பிரசவத்தோடு அவளுக்கும் காய்ச்சல் வந்தது, அவள் உதட்டிலும் ஒரு தடவை கொப்புளம் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்காரி ராத்திரி தூங்கினாளா? வெயிலில் போகாமல் இருந்தாளா? அதே வீடு, அதே சோறு, அதே பாட்டில். ஒரே கேள்வித்தாள், அவள் பாஸ், நான் பெயில். தம்பி வெளியே மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

"பொறாமைப்பட்டா இது வருமா டாக்டர்?"

சிடுமூஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறாமையில தூக்கம் கெட்டா வரலாம்" என்றார். நான் சிரிக்கவில்லை.

களிம்பு கொடுத்தார். கண்ணுக்குள் தடவித் தடவி வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தேன். புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணால் பார்த்தால் அடுப்புப் புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரிதான். இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு தடவை வந்த கண்ணுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், ஜாக்கிரதை என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். உதட்டில் புண் இருக்கும்போது பச்சைப்பிள்ளையை முத்தக்கூடாது, முத்தம் கொடுத்தால் பிள்ளைக்கு ஆபத்து என்றார்.

நான் ஒரு மடச்சி. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தேன். பாட்டிலால் வந்த வினை என்று நான் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. "அதே மருந்தத்தான அவளுக்கும் விட்டோம்? அவளுக்கு என்ன கேடு வந்துச்சு? ஒன் ஒடம்பு வாகு அப்படி, மருந்தக் குத்தம் சொல்லாத" என்று மாமியார் முடித்துவிட்டார். பிள்ளையை முத்தக்கூடாது என்றது மட்டும் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு பிள்ளை என்னிடம் தவழ்ந்து வந்தால் யாராவது ஒருத்தர் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். உதட்டில் புண் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுகூட இல்லை. ஓரகத்தி சிரித்துக்கொண்டே, "பசிக்குதுபோல அக்கா" என்று வாங்கிக்கொள்வாள்.

கம்பெனியில் என்னை மடிப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். நின்றுகொண்டே வேலை. கோபப்பட முடியாது, கண் தெரியாதவளை மேஜையில் வைத்து என்ன செய்வார்கள்? சில காலம் கழித்து, பிள்ளை பால் மறந்ததும், அவளும் அதே கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். புதுசாக வந்தவள் மடிப்பில்தானே நிற்க வேண்டும், என் பக்கத்தில்? ஒரு மாதம் நின்றாள். சூப்பர்வைசரம்மா ஒரு துணியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். "இந்தா இருக்கு, இந்தா இருக்கு" என்று டக்டக்கென்று தொட்டுக் காட்டினாள். மறுநாள் அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் என் ஃபேன் சுற்றியது. அவள் பார்த்து அனுப்புகிற துணி நேராக என் கைக்குத்தான் மடிக்க வரும். அந்த வருஷங்களில் நான் மடித்த மடிப்பை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மடித்தேன்.

தொண்ணூறுகள் பிறந்தன. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வயது. ஒரு பங்குனி வெயிலில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உதட்டோரம் கொப்புளம். காய்ச்சல் விட்டதும் வேலைக்கு வந்தாள். மேஜையில் உட்கார்ந்தவள் இடது கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். நான் மடிப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டியூப்லைட் பக்கம் குனியும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தாள். தண்ணீர் கொட்டுகிறது, பீளை இல்லை. ஒரு கண்தான். எனக்கு வந்தபோதும் இப்படித்தான்.

மறுநாள் காலை கொழுந்தன் வழக்கம்போல மெடிக்கலுக்குப் போய்ப் பாட்டிலோடு வந்தான். அவள் நிலைவாசலில் வெளிச்சத்துக்குத் தலையை அண்ணாந்து உட்கார்ந்தாள். மாமியார் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து வந்த நான் ஒரே பிடுங்காகப் பிடுங்கினேன்.

"என்னட்டி இது?" என்றார் மாமியார்.

"இத விடாதீக. இது எனக்கு வந்ததுதான். டாக்டர்ட்டப் போகணும்."

"ஒனக்கு வந்தா அவளுக்கும் வரணுமா? ஒன் நாக்குல நல்லதே வராதா?"

கொழுந்தன் கையை நீட்டினான். "மதினி, மருந்தக் குடுங்க. வேலைக்கு நேரமாச்சு."

"குடுக்க மாட்டேன்."

"ஒங்களுக்குக் கேக்கலன்னா அவளுக்கும் கேக்கக் கூடாதா? என்ன மனசு மதினி ஒங்களுக்கு?"

"பொறாமை" என்று மாமியார் வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "மேஜை போச்சுல்லா, அந்தப் பொறாமை. மருந்தக்கூட விட விடமாட்டேங்கா."

என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். அவரும் "குடுத்துரு" என்றுதான் சொன்னார். நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவளும் ஒற்றைக் கண்ணால் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். எல்லாருக்கும் தெரிந்த பொறாமைக்காரி நான், நான் சொல்வதை எப்படி நம்புவார்கள்? பாட்டிலைச் சாக்கடையில் போட்டு மிதித்தேன். "போனாப் போகுது, வேற வாங்கிட்டு வாரேன்" என்று கொழுந்தன் சைக்கிளை எடுத்தான். மெடிக்கல் தெருமுனையில்தான். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அதற்கு ஏக சந்தோஷம், பெரியம்மா தூக்குகிறாள் என்று. அப்படியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓட்டம். "ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டு எங்கட்டி ஓடுத?" என்று மாமியார் கத்துவது கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஓரகத்தி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, செருப்பில்லாமல், தலைவிரிகோலமாக ஓடி வந்து பஸ்ஸில் ஏறினாள். அவள் ஏறியதும் கண்டக்டர் விசில் கொடுத்தார். எனக்கு அது போதும்.

அந்தப் பஸ்ஸில் அவள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள்! "மலடி", "பிள்ளை பிடிக்கிறவ", "என் வாழ்க்கையக் கெடுக்க வந்தவ" எல்லாம் வந்தது. வருஷக்கணக்கில் அவள் மனசில் கிடந்தது எல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் பிள்ளையை மட்டும் விடவில்லை. மடவார்வளாகம் ஸ்டாப் வந்தபோது அழுகையும் ஏசலும் கலந்து அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீ என்ன வேணாலும் சொல்லு. டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொன்னா ஒன் காலுல விழுந்து எந்திக்கேன்" என்றேன்.

அதே டாக்டர். நரைத்திருந்தார். அதே மஞ்சள் சாயம், அதே நீல வெளிச்சம். அதே கேள்விகள். நான் வெளியே போகாமல் சுவரோடு ஒட்டி நின்றேன். "ஏதும் மருந்து விட்டீங்களா?" என்று கேட்டார். "விட வந்தாங்க, அக்கா பிடுங்கிட்டாங்க" என்றாள், குற்றம் சொல்கிற குரலில். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வலது கண்ணைப் பார்த்ததும் ஆளை ஞாபகம் வந்துவிட்டது போல.

"கொப்பு இப்பத்தான் சின்னதா விட்டிருக்கு" என்றார் அவளிடம். "இன்னைக்கு வந்ததால இது தழும்பு இல்லாம ஆறிரும். அந்த மருந்து விழுந்திருந்தா உங்க அக்கா கண்ணு மாதிரி ஆகியிருக்கும்."

அவள் மெதுவாகத் திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் அதை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு தயங்கித் தயங்கி, "இது அக்காட்ட இருந்து எனக்கு ஒட்டுனதா டாக்டர்?" என்று கேட்டாள். "உங்களுக்கு எப்பவோ, யார்கிட்ட இருந்தோ வந்திருக்கும். அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார் அவர். "உதட்டுல புண்ணு இருக்கும்போது நீங்களும் பிள்ளைய முத்தாதீங்க. புண்ணு இல்லாதப்ப யாரும் கொஞ்சலாம்." இதையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

களிம்பு தடவி, இருட்டில் படுத்து, சொன்னபடி எல்லாம் செய்தாள். நான்தான் நேரம் பார்த்துத் தடவிவிட்டேன், வேறு யாரையும் கிட்டே விடவில்லை. டாக்டர் சொன்னது போலவே தழும்பில்லாமல் ஆறியது. வேலைக்குத் திரும்பிய அன்றே மேஜையில் உட்கார்ந்து முடிச்சையும் புள்ளியையும் டக்டக்கென்று தொட்டாள். வீட்டில் எனக்கு ஏக மரியாதை. "மூத்தவ இருந்ததால தப்பிச்சா, சாமி மாதிரி வந்து பிடுங்குனா" என்று மாமியார் இப்போது தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். கொழுந்தன் என்னைக் கண்டால் எழுந்து நின்றான். இனிமேல் இவளுக்குப் பொறாமை போய்விடும், ஓரகத்திகள் ஒன்றாகிவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கானால் முன்னைவிட அதிகமாக எரிந்தது. பிள்ளைக்காகப் பட்ட பொறாமை, மேஜைக்காகப் பட்ட பொறாமை எல்லாம் சேர்ந்தாலும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன்.

அவளுக்கு அது தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டு பேரும் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு கண்ணாலும் பொறுக்கினாள், நான் ஒரு கண்ணால். திடீரென்று கையை நிறுத்தினாள்.

"அக்கா, அன்னைக்குப் பஸ்ஸுல பேசுனது தப்புத்தான். அதுக்கு நான் எம்புட்டோ தடவை மாப்பு கேட்டுட்டேன். என் கண்ணக் காப்பாத்துனது நீங்கதான், சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன். பொறவும் எம்மேல என்னக்கா இம்புட்டு ஆத்திரம்?"

நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"ஒனக்கு அன்னைக்குப் பிடுங்க நான் இருந்தேன்ட்டி. எனக்கு யாரு இருந்தா?"